காரிகைக் குளத்தூர்ப் பல்லவராயர்

குடகு மலையிற் பிறந்து கன்னட நாட்டைக் கடந்துவரும் காவிரி, தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தை அடுத்த ஒகேனக்கல்லில் பாறைகளின்மீது பாய்ந்து தமிழகத்திற்குள் புகுகின்றது. பழைய தகடூர் நாடாகிய இப்பகுதியின் ஊர்ப்புறங்களிலும் வயல்வரப்புகளிலும் பழைய நடுகற்கள் பல நிற்கக் காணலாம். வில்லேந்திய ஒரு வீரன், உடலில் தைத்த அம்புகள், பக்கத்தில் சில வரி எழுத்து. இவ்வளவே பெரும்பாலான கற்களில் காணப்படுவன. இன்ன அரசனுடைய இத்தனையாம் ஆண்டில், இன்ன தலைவனுடைய சேவகனாகிய இன்னான், ஆநிரை மீட்கும்போதோ ஊர் காக்கும்போதோ பட்டான் என்று அவ்வெழுத்துக் கூறும். செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, வீழ்ந்த வீரனோடு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் மறவாது குறிக்கின்றது.

இக்கற்கள் எளிய வீரர்களின் இறுதி நாளை மட்டும் காட்டுகின்றன. அவ்வீரர்களை நடத்திச் சென்ற தலைவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? ஒரே நாட்டார் இரு கூறாகப் பிரிந்து பொருத காலத்தில் அவர்கள் யார் பக்கம் நின்றனர்? எதற்காக நின்றனர்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் கல்வெட்டு ஒன்று, அதே காவிரி பாயும் கீழ்நாட்டில், மயிலாடுதுறை மாவட்டத்துப் பல்லவராயன்பேட்டையில் உள்ளது. கி. பி. 12ஆம் நூற்றாண்டில் சோழப் பேரரசைத் தாங்கிய படைத்தலைவர் ஒருவருடைய வாழ்க்கையை அது விரித்துரைக்கின்றது. அவர் பெயர் குளத்துழான் திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பியார். அரசர் அளித்த பட்டப்பெயரே பல்லவராயர் என்பது.

பல்லவராயர் தொண்டை நாடாகிய செயங்கொண்ட சோழ மண்டலத்தில், ஆமூர்க் கோட்டத்துக் காரிகைக் குளத்தூரைச் சேர்ந்தவர். இரண்டாம் இராசராச சோழரின் அரசவையில் பணிபுரிந்தார். ஒட்டக்கூத்தர் ஆசானாகவும் அவைப்புலவராகவும் விளங்கிய அவை அது. நாளடைவில் யானைப்படை, குதிரைப்படை, அரண்மனைக் காவற்படை ஆகிய அனைத்தும் பல்லவராயர் ஆணைக்கு உட்பட்டன. அரசருக்கு அடுத்த நிலையில் நின்று அரசியலை நடத்தும் முதன்மையும் அவரை அடைந்தது.

அக்காலப் படையமைப்பை அறிந்தாலன்றி அவருடைய நிலை விளங்காது. சோழ அரசில் உயர்ந்த அலுவலர்க்குப் பெரும்பாலும் பொற்காசாக ஊதியம் வழங்கப்படவில்லை; நிலத்தின் வருவாய் ஒதுக்கப்பட்டது. அதற்குச் சீவிதம் என்று பெயர். படைத்தலைவர்களும் சிற்றரசர்களும் தத்தம் பகுதியில் வரி தண்டி, வீரரைப் பேணி, பேரரசர் அழைத்தபோது படையோடு சென்றனர். அரசருடைய உயிருக்கு ஊறு நேரின் தம் உயிரையும் விடுவதாகச் சூளுரைத்த வேளைக்காரப் படையினரும் இருந்தனர். பேரரசர் வலியுடையராக இருக்கும்வரை இவ்வமைப்பு உறுதியாக நிற்கும். அரியணையில் தளர்ச்சி தோன்றினாலோ, ஒவ்வொரு தலைவரும் தம் படையைத் தம் நலத்திற்கே பயன்படுத்தத் தொடங்குவர். நாடு பல கூறாகும்.

இதே நிலை அந்நூற்றாண்டில் இங்கிலாந்திலும் இருந்தது. ஆங்கு அரசரிடம் நிலம் பெற்று, குதிரையேறிப் போர்புரியும் வீரர்களை நைட்டு என்று அழைத்தனர். 1135ஆம் ஆண்டில் முதலாம் ஹென்றி மன்னர் இறந்தபின், அவர் மகள் மெட்டில்டாவும் மருகர் ஸ்டீபனும் அரியணைக்குப் போட்டியிட்டனர். 1153 வரை நீடித்த அவ்வுள்நாட்டுப் போரில் பிரபுக்கள் அடிக்கடி பக்கம் மாறினர். 1152இல் ஸ்டீபன் மன்னர் நியூபரிக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைத்தலைவர் ஜான் மார்ஷல் தம் இளமகன் வில்லியத்தைப் பிணையாகக் கொடுத்தார். கொடுத்த சொல்லை அவர் காக்கவில்லை. சிறுவனைத் தூக்கிலிடுவோம் என்று அச்சுறுத்தியபோது, வேறு மக்களைப் பெறும் வலிமை தமக்கு இன்னும் உண்டு என்று தந்தை விடை கூறியதாக வில்லியத்தின் வரலாற்றைப் பாடிய பழைய நூல் கூறும். மன்னர் மனமிரங்கி அச்சிறுவனைக் கொல்லாது விட்டார். அச்சிறுவனே பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வில்லியம் மார்ஷல். உட்போர் மூண்டால் குழந்தைகளும் பணயப் பொருளாவர் என்பதற்கு இது சான்று. பல்லவராயருக்கும் முதலில் வந்த சோதனை குழந்தைகளைப் பற்றியதே.

இராசராச மன்னர்க்கு முடிசூடத் தக்க பருவமுடைய மைந்தர் இல்லை. இதனை எண்ணிய பல்லவராயர், விக்கிரம சோழரின் மகள்வழிப் பெயரராகிய எதிரிலிப்பெருமாளைக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வரவழைத்தார். அவர் நெறியுடைப் பெருமாளின் மைந்தர். அவரே அரசுரிமைக்கு உரியவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இராசராசர் இறந்தபோது அவருடைய பிள்ளைகள் ஓராண்டும் ஈராண்டும் நிரம்பிய குழவிகளாக இருந்தனர். ஆயிரத்தளி அரண்மனையில் அவர்கள் இருப்பது ஏதம் பயக்கும் என்று பல்லவராயர் உணர்ந்தார். அரண்மனை மகளிரையும் பரிவாரத்தையும் உடன்கொண்டு அப்பிள்ளைகளை இராசராசபுரத்திற்கு அழைத்துச் சென்று காவல் செய்தார்.

அந்நாளில் அவர் கையில் யானையும் குதிரையும் காவற்படையும் இருந்தன. அரியணையோ காப்பாரின்றி இருந்தது. பிறநாட்டு வரலாறுகளில் இத்தகைய வேளையிலேயே படைத்தலைவர் பலர் முடியைக் கவர்ந்துள்ளனர். குழவிகளைக் கொன்றோரும் உளர். பல்லவராயர் அவ்வழியிற் செல்லவில்லை. குழவிகளைக் காத்தார், அரசுரிமைக்கெனத் தேர்ந்தவருக்கே இரண்டாம் இராசாதிராசர் என்னும் பெயரால் முடிசூட்டுவித்தார், உடன்கூட்டத்தாரும் நாட்டாரும் கலகமின்றி ஒன்றுபட்டு நிற்குமாறு செய்தார். கல்வெட்டு அவருடைய செயல்களுள் இவ்வொற்றுமையையும் ஒன்றாக எடுத்துரைப்பது கருதத்தக்கது. வாளெடுத்து வென்ற வெற்றியினும் வாளெடுக்காமல் காத்த அமைதி சிறிதன்று.

சோழ நாடு தப்பிய அவ்வின்னலில் பாண்டிய நாடு வீழ்ந்தது. மதுரையில் பராக்கிரம பாண்டியரும் தென்பாண்டி நாட்டில் குலசேகர பாண்டியரும் அரசுரிமை வேண்டிப் பகைத்தனர். ஒரு குலத்தார்க்குள் எழுந்த தாயாதிப் பூசல் அது. குலசேகரர் பெரும்படையுடன் வந்து மதுரையை முற்றுகையிட்டார். பராக்கிரமர் தம்மைக் காக்குமாறு இலங்கை மன்னர் முதலாம் பராக்கிரமபாகுவுக்குத் தூது விடுத்தார். பொலனறுவையிலிருந்து ஆண்ட அம்மன்னர் இலங்காபுரன் என்னும் தண்டநாயகரின் தலைமையில் ஒரு படையை அனுப்ப ஏற்பாடு செய்தார். அது கடல் கடக்குமுன் மதுரை வீழ்ந்தது. பராக்கிரம பாண்டியரும் அவர் தேவியும் மக்களும் கொல்லப்பட்டனர். வீரபாண்டியன் என்னும் ஒரு மகன் மட்டும் தப்பினான்.

உதவி வேண்டியவர் இறந்தபின்னும் உதவிப்படை திரும்பிச் செல்லவில்லை. 1169ஆம் ஆண்டளவில் இலங்காபுரன் இராமேச்சுரத்தைக் கைப்பற்றினார். அத்தீவின் குந்துகாலில் ஒரு கோட்டை எழுப்பி, அதற்குத் தம் அரசர் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயரிட்டார். பின்னர்ச் சகத்விசயன் என்னும் மற்றொரு தண்டநாயகரும் வந்து சேர்ந்தார். இருவரும் பாண்டிய நாட்டுத் தலைவர் பலரைப் போரால் அடக்கினர். சிலரைப் பொருளும் பட்டமும் கொடுத்து வசப்படுத்தினர். குலசேகரர் தோற்றோடினார். மதுரையில் வீரபாண்டியனுக்கு முடிசூட்டப்பட்டது. போரில் அகப்பட்ட தமிழர்கள் இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அநுராதபுரத்துப் பெருந்தூபியைப் புதுக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர் என்று இலங்கை வரலாற்று நூலாகிய சூளவம்சம் கூறுகின்றது. அரசுரிமைக்காக இருவர் தொடுத்த வழக்கு, அதனோடு தொடர்பே இல்லாத உழவனையும் மீனவனையும் கடல்கடந்து கல்சுமக்கச் செய்தது.

நாடிழந்த குலசேகரர் சோழரை அடைந்து அடைக்கலம் புகுந்தார். பல்லவராயர் இப்பொழுது ஒரு முடிவு செய்ய வேண்டியவரானார். பிறர் வீட்டுச் சண்டை என்று ஒதுங்கியிருக்கலாம். ஆயினும் பகைப்படை வைகையோடு நிற்கவில்லை. தொண்டி, பாசிப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களிலும் பொன்னமராவதி, மணமேற்குடி, மஞ்சக்குடி ஆகிய இடங்களிலும் போர் பரவியது. இவற்றுட் சில சோழ நாட்டின் வாயிற்படி போன்றவை. கடலுக்கு அப்பாலுள்ள பேரரசின் படை மதுரையில் நிலையாகத் தங்கினால் சோழர் ஆட்சி ஒருநாளும் அமைதி பெறாது. ஆதலின் பல்லவராயர் குலசேகரரை மீண்டும் மதுரை அரியணையில் அமர்த்தத் துணிந்தார்.

போர்க்காலத்தில் மக்கள் எத்துணை அச்சமுற்றனர் என்பதைக் காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு ஒன்று காட்டுகின்றது. போர் நிகழ்ந்த தென்கடற்கரைக்கும் காஞ்சிக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. எனினும் ஈழப்படை வெல்லுமாயின் கோயிலுக்கும் நாட்டிற்கும் என்ன நேருமோ என்று எதிரிலிசோழச் சம்புவராயர் என்னும் தலைவர் அஞ்சினார். உமாபதி தேவர் என்னும் ஞானசிவ தேவரை அடைந்து, இத்தீங்கு நீங்க இறைவனை வழிபடுமாறு வேண்டினார். அவர் 28 நாள்கள் சிவபூசை செய்தார். அதன்பின் இலங்காபுரன் முதலியோர் தோற்றோடினர் என்னும் செய்தி பல்லவராயரிடமிருந்து வந்தது. மகிழ்ந்த சம்புவராயர் ஆர்ப்பாக்கம் என்னும் ஊரையே ஞானசிவ தேவருக்கு வழங்கினார். போர்க்களத்திலிருந்து வரும் ஓலைக்காக ஊரார் மூச்சடக்கிக் காத்திருந்த நிலையை அவ்வெழுத்து நமக்கு உணர்த்துகின்றது.

போரின் முடிவைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு வெளிப்படையாகக் கூறுகின்றது. குலசேகரர் மீண்டும் மதுரையிற் புகுவார். இலங்காபுரன் உள்ளிட்ட தண்டநாயகர்களின் தலைகள் மதுரை வாயிலில் அறையப்படும் என்று பல்லவராயர் வஞ்சினம் கூறினாராம். கூறியவாறே நிகழ்ந்தது என்கிறது கல்வெட்டு. சூளவம்சமோ இலங்காபுரன் அடைந்த வெற்றிகளையே அடுக்கிக் கூறி, இறுதித் தோல்வியைப் பற்றி வாய் திறவாது விடுகின்றது. ஒவ்வொரு பக்கத்தாரும் தம் வெற்றியை எழுதினர், தோல்வியை விழுங்கினர். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படிப்போர்க்கே உண்மை புலப்படும். வரலாறு கற்போர் ஒருபக்கச் சான்றை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

வாயிலில் தலைகளை அறைந்த செயல் இக்காலத்தார் உள்ளத்தை வருத்தும். வருத்துவதே முறை. குழவிகளைப் பரிவோடு காத்த கையே இதற்கும் ஆணையிட்டது. பகைவர்க்கு அச்சம் விளைத்தலும் போர்முறையின் ஒரு கூறு என்று அக்காலத்துப் பல நாட்டாரும் கருதினர். ஒருவருடைய நற்செயலைப் போற்றும்பொழுது கொடுஞ்செயலை மறைப்பதும், கொடுஞ்செயலைக் கண்டு நற்செயலை மறுப்பதும் நேர்மையாகா. இரண்டும் சேர்ந்தவரே பல்லவராயர்.

இவ்வளவு போர்களைக் கண்ட அவ்வீரர் போர்க்களத்தில் மாயவில்லை, நோயுற்று இறந்தார். அவர் செய்த பணிகளை நினைந்த இராசாதிராசர், அவருடைய மனைவியர், மக்கள், தாயார் முதலிய சுற்றத்தார்க்கு இறையிலியாக நிலம் வழங்கினார். அக்கொடையைப் பதிவு செய்வதற்காக எழுந்ததே பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு. குடும்பத்தார் நிலத்தை எவரும் பின்னாளில் பறித்துக்கொள்ளாதிருக்க, அந்நிலம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை விரிவாக எழுத வேண்டியதாயிற்று. அதனாலன்றோ ஒரு படைத்தலைவரின் வாழ்க்கை வரலாறு நமக்குக் கிடைத்தது!

அவர் மறைவுக்குப் பின் நிகழ்ந்தவை உட்போரின் இயல்பை நன்கு விளக்கும். இலங்கை மன்னர் ஊராத்துறை, மாந்தை முதலிய துறைகளில் படையும் மரக்கலமும் திரட்டினார். பல்லவராயருக்குப்பின் தலைமை ஏற்ற பழையனூர் வேதவனமுடையான் அம்மையப்பன் என்னும் அண்ணன் பல்லவராயர் அதனை அறிந்தார். இலங்கை அரசுரிமை வேண்டி வந்திருந்த சீவல்லபன் என்னும் இளவரசனுக்குத் துணையாகப் படை அனுப்பி, அத்துறைகளைத் தாக்கச் செய்தார். பாண்டிய நாட்டுத் தாயாதிப் பூசலில் இலங்கை புகுந்தது போலவே, இலங்கையின் தாயாதிப் பூசலிற் சோழர் புகுந்தனர். இச்செய்திகளைத் திருவாலங்காட்டுக் கல்வெட்டால் அறிகின்றோம்.

இதற்கிடையே, யாருக்காகச் சோழர் குருதி சிந்தினரோ அக்குலசேகரரே சோழரை மறந்து இலங்கை மன்னரோடு நட்புப் பூண்டார். சோழப்படை மீண்டும் சென்று அவரை அரியணையினின்று இறக்கி, முன்பு பகைவராகக் கருதிய வீரபாண்டியனையே அமர்த்தியது. அவ்வீரபாண்டியனும் நாளடைவில் சோழரைப் பகைத்து இலங்கையின் பக்கம் சாய்ந்தான். 1178இல் பட்டம் எய்திய மூன்றாம் குலோத்துங்க சோழர் அவனை வென்று, விக்கிரம பாண்டியனை மதுரையில் அமர்த்தினார். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரே அரியணையில் எத்தனை மாற்றம்! துணையாக வந்த எவரும் பாண்டியரின் வழக்கைத் தீர்க்கவில்லை. அவரவர் தத்தமக்கு ஏற்ற அரசரைத் தேடினர்.

அதன் பயனைச் சோழரும் நுகர்ந்தனர். 1205ஆம் ஆண்டளவில் குலோத்துங்கர் மதுரையிற் புகுந்து பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தார். அந்த இகழ்ச்சியைப் பாண்டியர் மறக்கவில்லை. 1216இல் பட்டம் எய்திய மாறவர்மன் சுந்தர பாண்டியர் சோழ நாட்டின்மீது படையெடுத்துத் தஞ்சையையும் உறையூரையும் எரியூட்டினார். பின்னர் ஆயிரத்தளிக்குச் சென்று சோழருடைய மண்டபத்தில் வீராபிடேகம் செய்துகொண்டார். ஒருகாலத்தில் பல்லவராயர் ஓராண்டுக் குழவியையும் ஈராண்டுக் குழவியையும் காத்து வெளியேற்றிய அதே ஆயிரத்தளி அது.

இங்கிலாந்தில் வில்லியம் மார்ஷலின் முதுமையும் இவ்வாறான சோதனையிலேயே கழிந்தது. 1216இல் ஜான் மன்னர் இறந்தபோது பிரபுக்களில் ஒரு சாரார் அவரை எதிர்த்துப் போர் நடத்திக்கொண்டிருந்தனர். அவர்கள் அழைப்பின்பேரில் பிரெஞ்சு இளவரசர் லூயியும் நாட்டுக்குள் வந்திருந்தார். முடிக்குரிய மூன்றாம் ஹென்றிக்கு ஒன்பது அகவை. ஏறத்தாழ எழுபது அகவை எய்திய மார்ஷல் அச்சிறுவர் பொருட்டு ஆட்சிப்பொறுப்பை ஏற்றார். 1217இல் லிங்கன் நகரப் போரில் தாமே குதிரையேறிப் பொருது வென்றார். எனினும் அவர் வாளை மட்டும் நம்பவில்லை. ஜான் மன்னர் ஒப்புக்கொண்டு பின் மறுத்த உரிமைப் பட்டயமாகிய மாக்னா கார்ட்டாவைத் திருத்தி, சிறுவர் பெயரால் மீண்டும் வெளியிடச் செய்தார். எதிர்த்து நின்ற பிரபுக்கள் பலர் குறை தீர்ந்தோராய்த் திரும்பினர். லூயியும் உடன்படிக்கை செய்துகொண்டு தம் நாடு சென்றார். 1219இல் மார்ஷல் இறந்தார்.

இருவர் வாழ்க்கையையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை விளங்கும். இருவரும் காக்க ஆளில்லாத இளஞ்சிறாரைக் காத்தனர். கைக்கெட்டிய முடிக்கு ஆசைப்படவில்லை. தம் நாட்டுக்குள் பல்லவராயர் உடன்கூட்டத்தாரையும் நாட்டாரையும் ஒன்றுபடுத்தியதும், மார்ஷல் பட்டயத்தால் பிரபுக்களை ஒன்றுபடுத்தியதும் ஒரு நிகரானவை. ஆங்கெல்லாம் அமைதி நிலைத்தது. வாளால் மட்டும் அரசரை மாற்றிய மதுரையிலோ ஒவ்வொரு வெற்றியும் அடுத்த போருக்கு விதையாயிற்று.

தகடூர் நாடும் இக்காலத்து நிகழ்ச்சிகளினின்றும் விலகியிருக்கவில்லை. மூன்றாம் குலோத்துங்கர் காலத்தில் இங்கு ஆண்ட அதியமான் மரபினராகிய விடுகாதழகிய பெருமாளும் அயலிருந்த சிற்றரசரும், தமக்குள் யார்க்கு யார் நட்பு, யார்க்கு யார் பகை என்பதை உடன்படிக்கையாகக் கல்லிலே பொறிக்கத் தலைப்பட்டனர். பேரரசின் கை தளர்ந்ததை உணர்ந்த தலைவர்கள் தத்தம் காவலைத் தாமே தேடிக்கொண்டதன் அடையாளம் அது.

பல்லவராயருக்கு நீண்ட கல்வெட்டு வாய்த்தது. சுற்றத்தார்க்கு நிலமும் கிடைத்தது. தொண்டியிலும் பாசிப்பட்டினத்திலும் பொன்னமராவதியிலும் அவர் பின்னே சென்று மடிந்த வீரர்களின் பெயர்களோ அதில் இல்லை. அவர்களும் பிறர் காக்கப் பிறந்த குழவிகளாய் இருந்து, வளர்ந்து, பிறரைக் காக்கச் சென்றவர்களே. வயல்வரப்பில் சாய்ந்து கிடக்கும் ஒரு நடுகல்லைக் காணும்போது, அதனைத் துணிதுவைக்கும் கல்லாகவோ வேலிக் கல்லாகவோ ஆக்காது, எழுத்துச் சிதையாமல் காத்தல் மாணவர் கடமையாகும். மன்னர் வரலாற்றில் இடம்பெறாத ஒருவனுடைய பெயர் அக்கல்லில் மட்டுமே இருத்தல் கூடும்.